சுடலைமுத்து அண்ணன் குடிக்கவில்லை

யாருக்கும் காட்டாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். ஷேர் பண்ணாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். இந்த ஐடியில் என் கிளாஸ்மேட்ஸ் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் வேன் டிரைவர் சுடலைமுத்து அண்ணன் இன்று மத்தியானம் செத்துப்போய்விட்டார்.

ஹார்ட் அட்டாக் என்று எல்லோரிடமும் சொல்கிறார்கள். அதற்குள் போஸ்டர் கூட அடித்தாகிவிட்டது. அண்ணன் படம் மேலே ஒரு ஓரத்தில் சின்னதாக... எங்கள் அப்பா படம் கீழே பெரிதாக, கும்பிட்டபடி.

அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருக்கிறது.

என்னோடு எங்கள் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஸ்கூலுக்கு வருகிறவர்களுக்கு அண்ணனைத் தெரியும். கணக்குப் பரீட்சை அன்று நான் ஜாமெட்ரி பாக்ஸை மறந்துவிட்டேன் என்று வேனைத் திருப்பினாரே, அவர்தான்.

லேட்டாகிவிட்டது. கேட்டில் பி.டி. சாரிடம், “பஞ்சர் ஆயிட்டு சார்” என்றார். சார் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “எந்த டயர்லே?” என்று கேட்டார். “ஸ்டெப்னி சார்.”

சாரே சிரித்துவிட்டார்.

கோடை லீவிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, பெல்லட் ஸ்மோக்கர். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகளைக் கொட்டினால், மெஷினே எடுத்து எரித்து அந்தப் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும். அதில் இரண்டு மாடல். இரண்டும் கார் விலை.

அப்பாவுக்கு ஆப் வைத்த மெஷின் பிடித்தது. “ஏலே, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே போன்ல சூட்டக் கூட்டலாம்லா.”

சித்தப்பாவுக்கு ரெட்டைத் தகடு போட்ட மெஷின். “போன்ல வெந்த கறி ருசிக்குமா அண்ணே? இதப் பாருங்க, டேங்கர் லாரி மாதிரில்லா இருக்கு.”

இங்கிலீஷ் படிக்க என்னைத்தான் நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு மெஷினின் புத்தகத்திலும் முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. திறந்த வெளியில் மட்டும் வைக்க வேண்டும்... அறைக்குள் எரித்தால் விஷவாயு சேர்ந்து ஆள் செத்துப்போகலாம். படித்துச் சொன்னேன்.

“அதெல்லாம் குளுரு ஊருக்காரனுக்கு எழுதுனது. நமக்கு என்னட்டி?” என்றார் அப்பா. ஆப் மெஷினையே வாங்கினார்.

லோடுமேன்களோடு சேர்ந்து மாடிக்குத் தூக்கியது சுடலைமுத்து அண்ணன்தான். மூச்சு வாங்க என்னிடம் சொன்னார். “பாப்பா, முதலாளி ஆட்டுக்கு வீடு வாங்கியிருக்காவ. அதுவும் செத்த பெறவு குடிபோறதுக்கு.”

இந்த வாரம் எங்கள் தெருவில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டிவிட்டார்கள். கொடை முடியும்வரை தெருவில் கறி சமைக்கக் கூடாது. அப்பாதான் விழாக் கமிட்டித் தலைவர். ஆனால் வடக்கேயிருந்து தீப்பெட்டி வாங்க வரும் பெரிய பார்ட்டிக்கு இன்று சாயங்காலம் விருந்து என்று முன்பே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால் மெஷினை மாடி ரூமுக்குள் தள்ளினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். கதவுக்கு அடியில் ஈரச் சாக்கு... கறி வாடை தெருவுக்குப் போகக் கூடாதாம்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அண்ணனுக்கு லீவு. அவருடைய ஊர் எப்போதும்வென்றானில் அவர் மனைவி பேச்சியக்கா காத்திருப்பார். “சாயங்காலமாப் போலே” என்று அப்பா நிறுத்திவைத்தார். மெஷினில் மரத்துண்டு அடைத்துக்கொள்ளாமல் கிளறிவிட உள்ளே ஓர் ஆள் வேண்டும். ஆப் அதைச் செய்யாது.

நான் காலையில் மறுபடியும் சொன்னேன். “உள்ள ஆள் இருக்கக் கூடாதுப்பா, புத்தகத்துல போட்டிருக்கு.”

சித்தப்பா சிரித்தார். “தீக்குச்சியில சம்பாதிக்கிற குடும்பத்துக்கு இவ தீயப் பத்திப் பாடம் எடுக்கா.”

மத்தியானம் அம்மா சோறு கொண்டுபோனபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்று நினைத்து அம்மா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எழுதுகிறேன்.

சித்தப்பா கார் டிக்கியிலிருந்து பாதி காலியான பிராந்தி பாட்டிலை எடுத்தார். துண்டில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோனார். நான் படிக்கட்டுக்குக் கீழே நின்றேன், அவர் என்னைப் பார்க்கவில்லை.

அப்புறம்தான் தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் சட்டையெல்லாம் பிராந்தி நாற்றம் என்று பேசிக்கொண்டார்கள். ஊற்றினால் நாறாதா?

ஊருக்கு ஹார்ட் அட்டாக். பேச்சியக்காவிடம் மட்டும் வேறு கதை. “குடிச்சிருந்தாம்மா. போலீஸு, ஆஸ்பத்திரின்னு போனா உனக்குத்தான் அசிங்கம்” என்று அப்பா போனில் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அண்ணன் குடிக்கவே மாட்டார். சித்தப்பா மகள் சடங்கு வீட்டில் யாரோ கிளாஸை நீட்டியபோது, “வேண்டாம் அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரி மோந்து பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ளயே விடுவா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும்தான் சிரித்தார்.

இப்போது கீழே ஹாலில் அவர் பேசுவது கேட்கிறது. “நான் அப்பமே சொன்னேன். ரெட்டைத் தகடு மெஷின வாங்கியிருந்தா இவ்வளவு புகை வந்திருக்காது.”

“சரி விடு. இதக் குடுத்துட்டு அத வாங்கிருவோம்” என்கிறார் அப்பா.

ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார்... இவர்கள் இன்னும் மெஷின் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த மெஷினாக இருந்தாலும் அந்த ரூமில் அண்ணன் செத்துத்தான் போயிருப்பார்.

காலையில் எடுக்கிறார்கள். எரித்துவிட்டால் அப்புறம் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

முத்துச்செல்வி, நீ ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போயிருக்கிறாய். அண்ணன் வீடு உன் தெருவில்தான். போனைக் காட்ட வேண்டாம், பேச்சியக்காவிடம் வாயால் சொன்னால் போதும். அண்ணன் குடிக்கவில்லை. எரிக்க விடாதீர்கள். பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

யார் சொன்னது என்று கேட்டால்... என் பெயரைச் சொல்.

போய் வாருங்கள் அண்ணே. நாளைக்கு உங்கள் வேனில் வேறு யாராவது வந்து ஹாரன் அடிப்பார்கள். நான் ஏற மாட்

கதவைத் தட்டுகிறார்கள். முத்துச்செல்வி, விடியும்வரை இருக்காதே, இப்பவே போ