இரண்டாம் அரைகல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், தைப்பூசக் காவடி நோன்பு தொடங்கிய முதல் நாளன்று எங்கள் தீவின் லாங் மவுண்டன் ஊரில் நிகழ்ந்தது இது. கரும்புத் தோட்ட வேலையைத் துறந்து, மசாலை அரைக்கும் பொறி ஒன்றை நிறுவியிருந்தேன். காவடிக்குள் வாடிக்கை சேராவிடில் விற்றவரே பொறியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நான் மீண்டும் வெட்டுக்கத்தியை ஏந்த வேண்டும்.

அன்று காலை வாயிலில் பெண்கள் கூட்டம்! வீட்டு அம்மியை விடுத்து, வறுத்த மல்லியும் மிளகாயும் சுமந்து வந்திருந்தனர். என் உள்ளம் துள்ளியது. முதல் தூளை அண்டை வீட்டு அக்கா உள்ளங்கையில் வாங்கி முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“ஆயோ போந்தியே, கடவுளே! தம்பி, இறால் வாசம் அடிக்குது. காவடி எடுக்கிற வீட்டுக்கு இதையா குடுப்ப?”

முந்தின வாரம் சீனக் கடைக்கு உலர் இறால் அரைத்திருந்தேன். கல்லை மும்முறை கழுவியது போதுமென்று எண்ணி, எவரிடமும் அதை உரைக்கவில்லை. நொடிப்பொழுதில் கூடைகள் யாவும் திரும்பிச் சென்றன.

செய்தி கேட்டு அக்கடையின் அம்மையார் விரைந்து வந்தார்.

“மிஸ்யே, என்னய்யா இது! நோன்பு வந்தா நானே கருவாட்ட உள்ள தள்ளி வைக்கிறேன். ரொட்டிக்கு ஒரு கத்தி, மீனுக்கு ஒரு கத்தி. நீ தமிழன், உனக்கு ஒரே கல்லா?” என்று உரக்கச் சிரித்தார்.

நாணித் தலைகுனிந்தேன். அவரோ, சரக்கெடுக்கத் தலைநகர் போர்ட் லூயிக்குப் புறப்பட்ட தம் கணவரின் லாரியிலேயே என்னை ஏற்றிவிட்டார். மாலைக்குள் புதிய அரைகற்கள் என் மடியில்! பழைய கற்களை இறாலுக்கென்று ஒதுக்கிவைத்து, பொறியின் தொட்டியைப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்தேன்.

மறுநாள் தெருவே கூடி நிற்க, நடந்ததை ஒளிக்காமல் கூறினேன். புதுக் கற்களின் கட்டை அவிழ்க்குமாறு அண்டை வீட்டு அக்காவையே வேண்டினேன். அவிழ்த்துப் பார்த்து அவரே மாட்டச் சொன்னார். அவர் மல்லியே முதலில் விழுந்தது. தூளை முகர்ந்தார்.

“கொரெக், சரியா இருக்கு! போடு தம்பி, என் மிளகாயையும் போடு!”

அன்று பொறி ஓயவேயில்லை! காவடிக்குள் தொலைவிலுள்ள காத்ர் போர்ன் ஊரிலிருந்தும் பேருந்தில் பைகள் வந்திறங்கின. ‘இரட்டைக்கல் ஆலை’ என்று ஊரே பெயர் சூட்டியது. பின்னாளில் தொழில் எவ்வளவோ விரிந்தது. வளர்ச்சிக்கு வித்து எதுவென்று எவரேனும் வினவினால், ஓர் உள்ளங்கைத் தூளை முகர்ந்துவிட்டு அக்கா தம் மிளகாயையும் போடச் சொன்ன அந்தக் கணத்தையே இன்றும் சொல்கிறேன்.