எட்டு மணி மாத்திரை

என் கணவரின் விலாவிலிருந்து ஒரு குழாய், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே இருந்த போத்தலுக்குள் இறங்கியது. நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த நீர் அதன் வழியே வடிய வேண்டும். அவர் மூச்சுவிடும்போதெல்லாம் குழாய்க்குள் நீர் ஏறி இறங்கும். வெளியே இரத்தினபுரி மழை. அந்த அசைவையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் சொக்கிவிடும். விழித்திருக்கிறேனா, கனவா என்று தெரியாது.

ஆனால் போத்தலில் நீர் கூடவேயில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வடியாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தினமும் பத்து மணிக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் வருவார். "ஹயியென் கஹின்ன" என்று சிங்களத்தில், பலமாக இருமச் சொல்வார். இருமினால்தான் நீர் இறங்குமாம். இவரோ வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு, பூனை தும்முவதுபோல ஒன்று போடுவார்.

வியாழக்கிழமை தலையணையைத் தட்டிப் போட்டபோது வலி மாத்திரை கையில் அகப்பட்டது. எட்டு மணிக்குக் கொடுத்தது. காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த பாண் ரொட்டியும் தொடாமல் கிடந்தது.

"என்னங்க இது?"

"சாப்புட்டுத்தான் போடணும்னாங்க. பதினொரு மணிக்குச் சாப்புட்டுப் போடுறேன். தினமும் அப்புடித்தான்."

ரப்பர் பால் வெட்டுகிறவர் அவர். விடியற்காலை வெறும் பிளேன்டீயோடு மலைக்குப் போய், பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு. முப்பது வருசப் பழக்கம். கட்டிலில் படுத்தும் மனுஷன் தோட்டத்து நேரத்திலேயே இருந்திருக்கிறார்! எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"வெயில் ஏறுன பொறகு மரத்த வெட்டுனா பால் வருமா? இருமுறதுக்கு முந்தியில்ல மருந்து போடணும்!"

விடியற்காலைக் குளிரில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும். அது அவருக்குத் தெரிந்த கணக்கு.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கே ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுபோனேன். சாப்பிட வைத்து, எட்டு மணி மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வைத்தேன். பத்து மணிக்கு மிஸ் சொன்னதும் இருமினார் பாருங்கள், வார்டே திரும்பியது. கலங்கிய மஞ்சள் நீர் குழாய் நிறைய இறங்கி வந்தது. சாயங்காலம் டாக்டர் போத்தலைப் பார்த்துவிட்டு, கொழும்புப் பயணம் வேண்டாம் என்றார்.

சந்தோஷத்தில் அவரைச் சீண்டினேன். "காலையில பசியே எடுக்காத ஒடம்பு ஒங்களுக்கு."

"யாரு சொன்னா?" என்றார். "தினமும் பசிக்குந்தான் புள்ள."

பசிக்குதா என்று முப்பது வருசத்தில் நான் ஒருநாள்கூட அவரிடம் கேட்டதில்லை.