நாங்கள் கூட்டிப் பெருக்கிய நினைவுக்கல்

"பார்வையாளர்கள் வைத்துச் சென்ற எந்தப் பொருளையும் பொறுப்பாளரின் அனுமதியின்றி அகற்றக்கூடாது."

விதி இலக்கம் ஏழு. வாசல் இரும்புக் கதவில், பச்சைப் பலகையில், வெள்ளை எழுத்தில் இருந்தது. நான் வாசித்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நாய்க்கு ஒரு விதி, சைக்கிளுக்கு ஒரு விதி, பந்துக்கு ஒரு விதி... ஒன்று விடாமல் வாசித்து, கூட வந்தவர்களுக்குத் தமிழிலும் சொல்லிக் கொடுத்தேன்.

பிறகு உள்ளே போய், எல்லோருமாகச் சேர்ந்து ஏழாம் விதியை மீறினோம்.

இன்று இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. சென்ற மாதம் முடியவில்லை.

லண்டன் கிங்ஸ்பரியில் எங்களுக்கு ஒரு கூட்டம் உண்டு. எல்லோரும் ஓய்வூதியக்காரர்கள், எல்லோரிடமும் இலவச பஸ் பாஸ். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்காவது போய் வருவோம். கோயில், கடற்கரை, மறுபடியும் கோயில். ஒரு மாற்றத்துக்காக ஏப்ரல் மாதம் நான் ஒரு யோசனை சொன்னேன். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளை எதிர்த்து நின்ற யூதர்களுக்காக ஒரு நினைவுக்கல், இரண்டு பஸ் தூரத்தில், ஒரு சிறு தோட்டத்துக்குள் இருக்கிறது. போய்ப் பார்ப்போமா?

"அண்ணை, அங்கை கன்டீன் இருக்குதோ?" என்று கேட்டார் சிவலிங்கம். மினிகேப் டாக்ஸி ஓட்டி ஓய்ந்தவர். எந்த இடத்தையும் கன்டீனை வைத்தே எடை போடுவார்.

"இல்லை."

"அப்ப வடை கட்டவேணும்."

வடை கட்டினார்கள். பரமேஸ்வரி வடையோடு விளக்குமாறும் கொண்டுவந்தார்.

பரமேஸ்வரியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் கூட்டத்தின் செயலாளர். நான் விதிகளை அறிந்தவன் என்றால், அவர் வேலையை அறிந்தவர். எங்கே போனாலும் சும்மா பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பிடிக்காது. ஊரிலே கோயில் வீதியோ பள்ளிக்கூட வளவோ, ஒரு நல்ல காரியத்துக்குக் கூடினால் முதலில் எல்லோருமாக இடத்தைத் துப்புரவு செய்வோம். சிரமதானம் என்பது அதன் பெயர். அதை லண்டனுக்கும் கொண்டுவந்தவர் பரமேஸ்வரி. ஈர்க்கு விளக்குமாறுடன் பஸ் ஏறுகிற ஒரே பெண்மணி இந்த மாநகரத்தில் அவராகத்தான் இருப்பார்.

நினைவுக்கல் பெரிதல்ல. ஆளுயரக் கருங்கல். அடியில் அகலமான ஒரு படி. அதில் பொறித்திருந்ததை நான் மொழிபெயர்த்தேன். துப்பாக்கி எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல அந்தக் கல். இரகசியமாகப் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள், அடைத்து வைத்திருந்த மதிலைத் தாண்டிக் குழந்தைகளை அனுப்பியவர்கள், செய்தி சுமந்தவர்கள், போலிப் பத்திரங்கள் தயாரித்தவர்கள்... இவர்கள் எல்லோருக்கும்.

போலிப் பத்திரம்!

யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், தொடங்கி, லண்டனில் ஒரு கவுன்சிலில் முடித்தவன் நான். வாழ்நாள் முழுக்கப் பத்திரங்களின் முத்திரையைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவன். போலி முத்திரை குத்தியவர்களுக்குத் தலைகுனிந்து நின்றது அன்றுதான். சொன்னால் நம்புவீர்களா... முழு மனதோடுதான் நின்றேன்.

சிவலிங்கம் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணை யோசிக்கிறியள்? நாங்களும் வேறையாற்றையோ பாஸ்போட்டிலைதானே ஹீத்ரோவிலை வந்து இறங்கினனாங்கள்? எனக்கு அதிலை ரமேஷ் பட்டேல் எண்டு பேர்!"

"மெதுவாக் கதையும். இப்பவும் திருப்பி அனுப்புவாங்கள்," என்றார் பரமேஸ்வரி.

சிரிப்பு. அந்தச் சிரிப்போடுதான் வேலை தொடங்கியது.

கல்லின் அடிப்படி நிறையச் சின்னச் சின்னக் கற்கள். உருண்டை, சப்பை, கறுப்பு, வெள்ளை. சிலதில் பெயின்ட் கூட அடித்திருந்தது. படியும் பாசி பிடித்துப்போய்க் கிடந்தது.

"பாருங்கோ அண்ணை! பெடியள் விளையாடிப்போட்டு அப்பிடியே விட்டிட்டுப் போயிருக்கினம். பெரியாக்களின்ரை நினைவிடம் இப்பிடியோ கிடக்கிறது?"

பரமேஸ்வரி கற்களைக் கூட்டி அள்ளினார். தோட்டத்துப் பாதை முழுவதும் சரளைக்கல்தான். கல்லுக்குரிய இடம் அதுதானே? அங்கேயே கொட்டிக் காலால் பரவிவிட்டார். சிவலிங்கம் தண்ணீர் ஊற்றிப் படியைத் தேய்த்தார். கொண்டுபோன செவ்வந்தி மாலையைச் சாத்தினோம். நான் என்ன செய்தேன்? மேற்பார்வை. கல் பளபளத்தது.

ஏழாம் விதி? பொருள் என்று அதில் சொன்னது பூச்சாடி, விளக்கு, படம் என்று நினைத்தேன். கல்லை யார் பொருள் என்று நினைப்பார்கள்?

பெஞ்சில் இருந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்தார். என் வயது இருக்கும். தலையில் யூதர்கள் அணியும் சிறு வட்டத் தொப்பி. கல்லின் முன் சிறிது நேரம் நின்றார். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்து, நாங்கள் தேய்த்துத் துடைத்த படியில் வைத்தார்.

"ஐயோ, துடைச்ச இடத்திலை திருப்பி வைக்குது அந்தாள்!" என்றார் சிவலிங்கம்.

பரமேஸ்வரி வாயில் வைத்த வடையைக் கையில் எடுத்தார். அவருக்கு எங்களைவிட முன்பே விளங்கிவிட்டது.

முதியவர் திரும்பி எங்களைப் பார்த்தார். விளக்குமாறையும் பார்த்தார்.

"இங்கே துப்புரவு செய்தது நீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆம், நாங்கள்தான்," என்றேன். பெருமையோடு சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நன்றி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"இருந்த கற்கள்?"

"பாதையில் போட்டுவிட்டோம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். இறந்தவர்களைப் பார்க்க வந்தால் தாங்கள் கல் வைப்பது வழக்கம் என்று பொறுமையாக விளக்கினார். பூ வாடிவிடும், கல் இருக்கும், யாரோ வந்து போனார்கள் என்று அடுத்து வருபவருக்குத் தெரியும். அவருடைய பெரியம்மா போலிப் பத்திரங்களைக் கோட்டின் மடிப்புக்குள் தைத்து ஊர் ஊராகக் கொண்டு போனவராம். பிடிபட்டுவிட்டார். கல்லறை கிடையாது. அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் கடற்கரையில் ஒரு கல் பொறுக்கி, இங்கே கொண்டுவந்து வைப்பாராம்.

எத்தனை வசந்தங்களின் கற்கள் அந்தச் சரளைக்குள் கிடந்தன என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பரமேஸ்வரி பாதையில் முழங்காலில் இருந்தார். இரண்டு கையாலும் கல் கிளறினார். ஆபரேஷன் செய்த முழங்காலோடு சிவலிங்கமும் இறங்கினார். "ப்ளீஸ், எழும்புங்கள்," என்று அந்த முதியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் எழும்பவில்லை. கடைசியில் அவரும் எங்களோடு குனிந்தார்.

பெயின்ட் அடித்தவை உடனே அகப்பட்டன. மற்றவற்றில் எது கடற்கரைக் கல், எது கொன்ட்ராக்டர் லொறியில் வந்த கல்? யாருக்குத் தெரியும்? சந்தேகத்துக்கு இடமான எல்லாக் கற்களையும் படியில் ஏற்றினோம். போகும்போது முதியவர் கைகொடுத்தார்.

"எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மற்றவர்களுக்காக நான் பேச முடியாது."

நியாயமான பேச்சு. அதுதான் பிரச்சினையும்.

திரும்பும் பஸ் ஏறினோம். பாதி வழியில் பரமேஸ்வரி திடீரென்று கேட்டார்.

"அண்ணை, எங்கட பிள்ளையளின்ரை கல்லறையளை இடிச்சவன் என்ன சொன்னவன்? இடத்தைத் துப்புரவாக்கிறம் எண்டுதானே சொன்னவன்?"

அவருடைய ஒரே தம்பி ஊரில் நடந்த போரில் இறந்தவர். போர் முடிந்தபின் அவரைப் புதைத்த மயானத்தை ராணுவம் புல்டோசர் போட்டு மட்டமாக்கிவிட்டது. அதன்பிறகு பரமேஸ்வரிக்குப் போய் நிற்க ஓர் இடம் இல்லை. வீட்டில் தம்பியின் படத்துக்கு முன்னால் ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைப்பார். அதுதான் அவருக்குக் கல்லறை.

"அவன் தெரிஞ்சு செய்தவன். நீங்கள் தெரியாமல் செய்தனீங்கள். ரெண்டும் ஒண்டே?" என்றார் சிவலிங்கம்.

"கல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ, சிவலிங்கம்?"

அன்று மாலை அவர் விளக்கு வைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. "கல் வைச்ச சனம் பறவாயில்லை எண்டு சொல்லட்டும். அதுக்குப் பிறகு கொளுத்திறன். இப்ப தம்பியின்ரை முகத்தைப் பாக்க ஏலாது," என்று போனில் சொன்னார். ஆறுதல் சொல்லத் தெரியாதவன் வேறென்ன செய்வான்? கடிதம் எழுதினேன்.

நினைவிடத்தின் பொறுப்பாளர் சபைக்கு முறைப்படி ஒரு கடிதம். பொருள், சம்பவம், மீறப்பட்ட விதி இலக்கம், எடுத்த பரிகார நடவடிக்கை, வருத்தம். எல்லாம் பத்தி பிரித்து எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தில் பேனா நின்றது. கீழே இன்னொரு பத்தி எழுதினேன். அந்தக் கற்களை அள்ளிய பெண்ணுக்கு ஒரு தம்பி இருந்தார் என்றும், அவருடைய கல்லறைக்கு என்ன ஆனது என்றும், அந்தப் பெண் இப்போது விளக்கு வைப்பதில்லை என்றும்.

விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத பத்தியை என் உத்தியோக காலத்தில் நான் எழுதியதே இல்லை. வேறு யாராவது எழுதி வந்தால் சிவப்பு மையால் வெட்டிவிடுவேன்.

பத்து வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும் என்று தானியங்கி ஈமெயில் வந்தது. எனக்குத் தெரியாத பத்து நாட்களா! நானே எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன். பத்து நாள் போனது. இன்னொரு பத்தும் போனது. பரமேஸ்வரி தினமும் போன் செய்தார்.

"வந்ததோ அண்ணை?"

"இல்லை."

"சரி."

வேறு பேச்சில்லை. காத்திருப்பவரின் அந்தச் 'சரி' எவ்வளவு கனமானது என்று கவுண்டருக்கு உள்ளே இருந்த காலத்தில் எனக்குத் தெரியாது. மே மாதக் கூட்டத்துக்கு அவர் வரவில்லை. விளக்குமாறு இல்லாமல் கடற்கரைக்குப் போய்வந்தோம். கடற்கரை வழக்கம்போல் அழுக்காகவே இருந்தது.

பிறகு தபாலில் வந்தது. ஈமெயில் அல்ல, பேனாவால் எழுதிய கடிதம். எழுதியவர் சபையின் செயலாளரான ஒரு பெண்மணி.

முதலில் தாமதத்துக்கு மன்னிப்பு. சபை கூடிப் பேசவேண்டியிருந்ததாம். அடுத்து, படியில் முன்பைவிட இப்போது நிறையக் கற்கள் இருப்பதாகத் தோட்டக்காரர் சொல்கிறாராம், யாரும் முறைப்பாடு செய்யவில்லையாம். பாசி போனதுக்குத் தனியாக நன்றி. விதி இலக்கம் ஏழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்சக் கடிதம் முழுவதும் என் சம்பந்தமில்லாத பத்திக்குப் பதில்.

முழங்காலில் நின்று, தனக்கு உறவில்லாத இறந்தவர்களுக்காக ஒருவர் பொறுக்கி வைத்த கல் எந்தப் பாதையிலிருந்து வந்தாலும் தங்களுக்குச் சரியான கல்தான் என்று எழுதியிருந்தார். "எங்கள் படியில் எங்கள் இறந்தவர்களுக்கு மட்டுமே கல் வைக்கலாம் என்று ஒரு விதியும் கிடையாது, அந்த அம்மா தம்பிக்கு ஒரு கல் வைக்க விரும்பினால் வரலாம், நானும் கூட நிற்பேன்" என்றும் எழுதியிருந்தார்.

ஒரு விதியும் கிடையாது! ஒரு விதி இல்லை என்பதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றுதான்.

பரமேஸ்வரிக்குப் போனில் தமிழில் வாசித்தேன். மறுமுனையில் தீப்பெட்டி உரசுகிற சத்தம்.

"அண்ணை, நல்ல கல்லு எந்தக் கடற்கரையிலை எடுக்கலாம்?" என்றார்.

கடிதத்தைக் கோப்பில் போட்டேன். பழக்கதோஷம்... உறையின் மூலையில், கடிதம் கிடைத்த தேதியையும் குறித்தேன். தாமதம் பற்றி எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. ஜூன் மூன்று.