அம்மா குடிபோன புதன்கிழமை

பதறுவதற்குச் சம்பளம் கொடுக்கும் அலுவலகம் ஏதாவது இருந்திருந்தால், இந்நேரம் நான் அதில் மேலாளராகி ஓய்வும் பெற்றிருப்பேன்.

அபிராமபுரத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. எண்பத்தொரு வயது அம்மா குளியலறையில் இரண்டு முறை விழுந்தாள். இரண்டாவது முறை நானும் மனைவியும் வேலைக்குப் போயிருந்தோம். ஒரு மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வாக்கியம், "கோட்டூர்புரத்துல ஒரு முதியோர் இல்லம் இருக்காமே, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போ." போனோம். கழிப்பறைச் சுவரில் இருந்த கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், செவிலியரிடம் நாலு கேள்வி கேட்டாள், "இது போதும்" என்றாள். முடிவெடுக்க அவளுக்கு இருபது நிமிடம் ஆனது. நான் அதற்கப்புறம் இருபது நாள் தூங்கவில்லை.

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதல்ல என் கவலை. சரி, அதுவும்தான். ஆனால் உண்மையான பயம் வேறு. எங்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று அம்மா அங்கே போய், யார் வீட்டிலோ ஒண்டிக்கொண்டிருப்பவள் மாதிரி, கட்டில் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாளோ?

பெங்களூரில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னேன்: "புதன்கிழமை அம்மாவ ஹோம்ல சேர்க்கிறோம்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "சேர்க்கிறதுக்கு நான் என்ன எல்.கே.ஜி.யாடா? குடிபோறேன்னு சொல்லு."

திருத்திச் சொன்னேன். அம்மா விடவில்லை. "குடிபோறதுன்னா பால் காய்ச்சணும்."

அக்கா இழுத்தாள். "அப்பா இல்லாதப்ப அம்மா கையால எப்படி..."

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "குடிபோறது நானு. காய்ச்சறதும் நான்தான். நீ லீவு கெடைச்சா வா."

இல்லத்தின் விதிமுறைத் தாளில் ஒன்பதாவது வரி: அறைக்குள் அடுப்பு கூடாது. வேறு யாராக இருந்தாலும் செவிலியரிடம் போய்க் கேட்டிருப்பார்கள். நான் மூளையைப் பயன்படுத்தினேன். மின்சாரக் கெட்டில் அடுப்பு ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, அதைத் துண்டில் சுற்றி, அம்மாவின் புடவைகளுக்கு அடியில் கடத்திக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி "வாங்க சார்" என்றதற்கே எனக்கு வியர்த்தது.

ராகு காலத்துக்கு நிறைய நேரம் இருந்தது, மணி பத்துதான். அம்மா மேற்குச் சுவரோரம் சாமி படத்தை வைத்தாள், கெட்டிலில் பாலை ஊற்றினாள், சுவிட்சைப் போட்டாள். தண்ணீர் கொதித்தால் கெட்டில் சமர்த்தாகத் தானே நின்றுவிடும். பாலுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. மூக்கு வழியாக நுரைத்துப் பொங்கி, மேஜையில் ஓடி, பக்கத்தில் இருந்த பிளக்குக்குள் இறங்கியது. டப்.

மின்விசிறி நின்றது. எங்கள் அறையில் மட்டுமல்ல, மாடி முழுக்க. எட்டு அறைகளிலும் ஓடிக்கொண்டிருந்த காலை நேரத் தொடர்கள் ஒரே நொடியில் வாயடைத்தன.

வந்து இருபது நிமிடத்தில் அம்மாவை வெளியேற்றப் போகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வீல்சேரும் வாக்கருமாக வாசலில் கூட்டம் கூடியது. நான் கெட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். முதுகு சுட்டது.

தரை துடைக்கும் ஆயாம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா சார், பின்னால இன்னாத்த மறைச்சிக்கினு கீற? பால் வாசன தெரு முக்கு வரிக்கும் வருது."

"சாரி, சாரி, நானே எல்லாத்தையும்..." என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு" என்றாள் அம்மா. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எந்தப் பக்கம் பொங்குச்சு, யாராவது பாத்தீங்களா?"

அவ்வளவுதான். எதிர் அறைத் தாத்தா வாக்கரை நிமிர்த்தி ஜன்னலைக் காட்டினார். "ஆறு அந்தாண்ட இருக்கு. அப்ப இது வடக்கு. பிரமாதம்மா!"

பக்கத்து அறைப் பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "மேஜைய வளைச்சிப் போட்டிருக்காங்க. இது கெழக்கு."

"கெழக்குன்னாலும் நல்லதுதானே!"

"நல்லதுதான். ஆனா கெழக்கு."

செவிலியர் வந்தார். நனைந்த பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேட்டிருந்தா சமையல்கட்டுல அடுப்பு குடுத்திருப்பேனே. புதுசா வர்றவங்க பாதிப் பேரு அங்கதான் காய்ச்சுவாங்க." பிறகு அம்மாவிடம் திரும்பி, "உங்க பையனுக்கு எத்தன வயசும்மா?"

"அம்பத்திநாலு. பாத்தாலும் தெரியாது, பேசினாலும் தெரியாது."

கரண்ட் திரும்பி வந்தும் யாரும் தொடர் பார்க்கப் போகவில்லை. மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு, கரண்டியளவு கரண்டியளவாக ஊற்றிக் கொடுத்தாள் அம்மா. "உக்காருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று கட்டிலைக் காட்டினாள். ஆயாம்மாவுக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவளுடைய பை அலமாரிக்குள் போயிருந்தது. எப்போது வைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. எனக்குப் பால் மிஞ்சவில்லை.

கூட்டம் கலைந்த பிறகும் நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். ஏதாவது கேட்பாள், அழுவாள், கையைப் பிடிப்பாள் என்று ஒரு முழு உரையே தயாரித்து வைத்திருந்தேன்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். "கிளம்பலியா? ஆபீஸ் இல்ல?"

"அப்புறமா போலாம்மா."

"நான் கொஞ்சம் படுக்கணும்டா." கதவு வரை வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கிழமை உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. நாலு மணிக்கு மேல வா. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிடு, நான் பாட்டுக்கு எதிர் ரூமுக்குப் போயிருப்பேன்."

சரிம்மா என்றேன். விருந்தாளி வேறென்ன சொல்வான்?