ஆமையின் மூன்றாவது கேள்வி

அந்த ஆமையைக் கண்டாலே எனக்கு ஆகாது. முதுகில் ஒரு சிவப்புக் குடையைக் கட்டிக்கொண்டு தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு டிவியில் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணும் நிறமும் சொல்லித்தருகிற நிகழ்ச்சி. ஆமைக்கு எல்லாமே மறந்துபோகும், அதனால் பார்க்கிற பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும். "குழந்தைகளே, என் குடை எங்கே? உங்களுக்குத் தெரியுமா?" கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன், சரியாக ஏழு எண்ணும்வரை நிற்கும். அப்புறம் நாம் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் "அருமை! சரியாகச் சொன்னீர்கள்!" என்று துள்ளும். நான் வாயே திறந்திருக்கமாட்டேன், என்னைப் பார்த்தும் அருமை என்று சொல்லும். அந்தப் பொய்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பிக்கு அந்த ஆமைதான் எல்லாம். அவனுக்கு அப்போது நாலரை வயது, எனக்குப் பத்து. அவன் எங்கள் யாரிடமும் பேசமாட்டான். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டான். சேலம் ஆஸ்பத்திரியில் காட்டியதற்கு, காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஆமை கேட்டால் மட்டும் பதில் சொல்வான். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவன், கேள்வி வந்ததும் நிமிர்ந்து, நாலு அல்லது ஐந்து எண்ணுவதற்குள் "முதுகு மேல" என்பான். அம்மா டிவியை முந்தானையால் துடைத்துவிட்டு, "அதுகிட்டயாச்சும் பேசறானே சாமி" என்பாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வரும். கூடப் பிறந்தவளிடம் பேசாதவன் ஒரு பொம்மையிடம் பேசுகிறான்!

ஆமை தினமும் மூன்று கேள்விதான் கேட்கும். முதலில் குடை எங்கே. அடுத்து, வந்து உட்கார்ந்த பறவையின் நிறம் என்ன. கடைசியாக ஓடையைக் கல் கல்லாகத் தாண்டிவிட்டு, "நான் எத்தனை கல் தாண்டினேன்?" என்று கேட்கும். பதில் சொன்னதும், "சரிதானா, எண்ணிப் பார்ப்போமா?" என்று பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணும். நான் தம்பியின் முகத்துக்கு நேராக நின்று அதே குரலில் பழித்துக் காட்டுவேன். பழித்துப் பழித்து அந்தக் குரல் எனக்கு அச்சாக வந்திருந்தது. என் ஆமைக்கும் சில சமயம் பதில் சொல்லிவிடுவான். சொன்னதும் நான் சிரிப்பேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் வீடு நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. அது பழம் எடுக்கிற காலம். அந்த வாரம் முழுக்கக் காட்டெருமைக் கூட்டம் ஒன்று கீழே ஓடைக்கரையில் சுற்றிக்கொண்டிருந்தது. முந்தின மழைக்காலத்தில் அதில் ஒன்று ஒருவரை முட்டித் தள்ளி, அவர் இடுப்பு இன்னும் நேராகவில்லை. அதனால் ஒவ்வொரு லைனிலும் காலி எண்ணெய் டின் ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். காட்டெருமையை எங்கள் ஊரில் மாடு என்றுதான் சொல்வோம். மாடு மேலே ஏறினால் டின்னைத் தட்டவேண்டும். டின் சத்தம் கேட்டால் மாடு இறங்கிவிடும். தம்பியும்தான். குக்கர் விசில் அடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிறவன் அவன்.

சனிக்கிழமை. அப்பா லாரியோடு சேலம் போயிருந்தார். அம்மா பழம் பறிக்கப் போகும்போது, "தம்பியப் பாத்துக்க கண்ணு. கதவச் சாத்தி வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று மணிக்கு ஆமை வந்தது. அதே நேரத்தில் வேறு சேனலில் நடனப் போட்டியின் கடைசிச் சுற்றை மறுபடி போட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் பொறுத்துத்தான் பார்த்தேன். குடை எங்கே என்று கேட்டது, சொன்னான். பறவையின் நிறம் கேட்டது, பச்சை என்று சொன்னான். அப்புறம் ஆமை ஓடையில் இறங்கி ஒவ்வொரு கல்லாகத் தாண்ட ஆரம்பித்தது. நாலாவது கல்லில் நின்று மூச்சு வாங்கியது. இது கரை சேருவதற்குள் போட்டியே முடிந்துவிடும் என்று ரிமோட்டை அமுக்கிவிட்டேன்.

தம்பி அழவில்லை, கத்தவில்லை. டிவியின் அருகில் போய்த் திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு என் பின்னால் போனான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. விளம்பரம் வந்தபோதுதான் கதவு திறந்திருப்பது தெரிந்தது.

வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஐந்தாவது செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. லைனைச் சுற்றி ஓடினேன். தண்ணீர்க் குழாயடியில் இல்லை, மாட்டுக் கொட்டகையில் இல்லை. கீழே ஓடைக்கு இறங்குகிற வழியில் காபிச் செடிக்கு அடியில் அவனுடைய நீலச் செருப்பு ஒன்று கிடந்தது. அதைப் பார்த்ததும் "அம்மா" என்று கத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பத்து நிமிடத்தில் அம்மாவோடு பழம் பறித்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மாவின் இடுப்பில் கூடை அப்படியே இருந்தது. "எங்க கண்ணு தம்பி? எங்க உட்ட?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டிவி பாத்துட்டுத்தாம்மா இருந்தான்" என்றேன். பொய் இல்லை. ஆனாலும் பொய்தான்.

எஸ்டேட் வாட்ச்மேன் செருப்பைப் பார்த்தார், ஓடைப் பக்கம் பார்த்தார். "மாடு கீழதாங்க நிக்குது. பையனுக்குக் கிட்ட வர உடக்கூடாது. எல்லாரும் டின்ன எடுங்க" என்றார். அவர் நினைத்தது சரிதான், எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆறேழு டின்கள் ஒன்றாக அதிர்ந்தன. நடுவில் எல்லோரும் தம்பியின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மலை முழுக்க அந்தச் சத்தம்தான்.

அந்தச் சத்தத்தில் அவன் எங்கே இருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு இன்னும் உள்ளே உள்ளே போவான் என்று எனக்குத் தெரியும். "தட்டாதீங்க மாமா! அவன் பயந்துக்குவான்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஓடிப்போய் வாட்ச்மேன் டின் தட்டிக்கொண்டிருந்த கம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவர் அடிக்கக் கை ஓங்கினார். அம்மா நடுவில் வந்தாள்.

"அவ சொல்றது நெசந்தானுங்க. எம்பையனுக்குச் சத்தம் ஆகாதுங்க."

"நிறுத்துனா மாடு ஏறிருமுங்க. அப்பறம் ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா என்னையக் கேக்கக்கூடாது."

அம்மா மூட்டத்தைப் பார்த்தாள். "நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

டின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சில்வர் ஓக் மரத்து இலையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நான் முன்னால் போய் நின்று, பழித்துக் காட்டுகிற அந்தக் குரலில் கேட்டேன். "குழந்தைகளே, என் குடை எங்கே? உங்களுக்குத் தெரியுமா?"

யாரோ ஒரு அக்கா, "இது என்ன கூத்து?" என்றாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். நான் மனதுக்குள் எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு. பதில் இல்லை. கீழே எங்கோ கிளை ஒன்று முறிகிற சத்தம் கேட்டது. பிள்ளையின் கால் பட்டு முறிகிற கிளை இல்லை அது. வாட்ச்மேன் குனிந்து கம்பை எடுத்தார்.

அப்போதுதான் உறைத்தது. குடைக்கு அவன் இன்றைக்குப் பதில் சொல்லிவிட்டான். நிறமும் சொல்லிவிட்டான். பாக்கி இருப்பது ஒரே ஒரு கேள்வி, அதை அவனிடமிருந்து பிடுங்கினவள் நான்.

"குழந்தைகளே," என்றேன். அழுதால் ஆமையின் குரல் வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "நான் எத்தனை கல் தாண்டினேன்?"

ஒன்று. இரண்டு. மூன்று. வாட்ச்மேன் டின்னைத் தட்டக் கம்பை ஓங்கிவிட்டார், அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு. ஐந்து. ஆறு.

"நாலு."

இடப்பக்கம், பள்ளத்திலிருந்து. அம்மா பாயப் போனாள், நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். ஓடினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் ஒளிந்துகொள்வான். "அருமை! சரியாகச் சொன்னீர்கள்! சரிதானா, எண்ணிப் பார்ப்போமா? ஒன்று."

"ஒன்னு" என்றான். குரல் வந்த பக்கம் மெதுவாக நடந்தேன். அம்மா பின்னால் வந்தாள். அடுத்த எண்ணைச் சொல்லாமல் நடந்தால் அவன் காத்திருப்பான் என்று தெரியும். ஆமைக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பான். ஏழெட்டுச் செடி தாண்டியதும் "இரண்டு" என்றேன். "ரெண்டு." இன்னும் கீழே. மாட்டின் மூச்சு இப்போது தெளிவாகக் கேட்டது. மூட்டத்துக்குள் முழங்கால்வரை வெள்ளையாக இருந்த கால்கள் மட்டும் தெரிந்தன. அதற்கு மேலே இருட்டாக ஒரு உடம்பு. அம்மாவின் விரல்கள் என் முதுகில் பதிந்தன.

"மூன்று" என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை சொன்னேன். "மூணு" என்றான், கிட்டத்தில், என் கால் பக்கத்தில். செடிக்கு அடியில் மழைத் தண்ணீர் தேங்க வெட்டிய குழிக்குள் உட்கார்ந்திருந்தான். காதைப் பொத்திய கைகளை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தான். நான் குழிக்குள் இறங்கி அவனைக் கட்டிக்கொண்டு அவன் காதில் "நான்கு" என்றேன். அவனும் "நாலு" என்றான். அம்மா எங்கள் இரண்டு பேர் மேலும் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோம் என்று தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த வெள்ளைக் கால்கள் அங்கே இல்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. கம்பை எறிந்ததற்காக வாட்ச்மேன்கூடத் திட்டவில்லை. "நொம்பக் கெட்டிக்காரி உங்க பொண்ணு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "அதென்ன கண்ணு நாலு?" தெரியாது என்றேன். அவளே யோசித்துவிட்டு, "வயசச் சொல்லியிருக்கான். நாலு வயசுன்னு சொல்லியிருக்கான் எஞ்சாமி" என்று அழுதாள். வந்து பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

இப்போதும் சொல்கிறாள். தம்பி இன்று என்னைவிட உயரம். கொஞ்சம் பேசுவான், கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொல்வான், நான் எழுதுவதையும் வாசிப்பான். போன மாதம் வந்த விருந்தாளிகளிடம் அம்மா இந்தக் கதையைச் சொல்லி, "அன்னிக்குத்தான் மொதமொதலா அவன் வயசச் சொன்னான்" என்றபோது, அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். காத்திருந்தான். நான் தண்ணீர் எடுத்துவரப் போவதுபோல் எழுந்துவிட்டேன்.

அது வயசு இல்லீங்கம்மா. நான் சேனல மாத்துன எடம்.