கூரையில் அப்பா

1. இன்று ஜொகூர் அணியின் கால்பந்து இறுதியாட்டம் தொடங்கியதும் மழை கொட்டியது.
2. தொலைக்காட்சியில் படம் உறைந்தது.
3. அம்மா அண்ணாந்து பார்த்து, "படம் வந்துருச்சு, இறங்கி வாங்க!" என்றார்.

என் சிறுவயதில், பாசிர் கூடாங் வீட்டில், மழையில் சிக்னல் போனால் அப்பா தகரக் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்புவார். "வந்துருச்சா?" என்று அவர் குரல் மழைக்குள்ளிருந்து கேட்கும். இடிக்குப் பயந்து, திரை கறுப்பாக இருக்கும்போதே அம்மா அந்தப் பொய்யைச் சொல்வார். சொட்டச் சொட்ட உள்ளே வரும் அப்பா, "அலமாக், மறுபடியும் ஏமாத்திட்டியே!" என்பார்.

"உசுரு இருந்தாத்தானே பந்து பார்ப்பீங்க?" என்பார் அம்மா.

அப்பா இறந்து வெகுநாளாகிறது. இந்த அடுக்குமாடியில் எங்களுக்கு மேலே இன்னொரு குடும்பம் இருக்கிறது. ஆட்டம் முடிந்துவிட்டது. வாசல் கதவைச் சாத்த அம்மா விடவில்லை.