அக்கா கத்தரித்த சொற்கள்

எங்கள் அக்கா இறைவனில் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களுக்கு, தம்பியாகிய நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றை எழுதுகிறேன்.

அக்கா தூத்துக்குடிக் கடற்கரைத் தெருவில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார்கள். பிறந்த வருடம் பள்ளிச் சான்றில் ஒன்றாகவும் ஞானஸ்நானப் பதிவில் வேறாகவும் இருக்கிறது. நான் கோயில் பதிவையே நம்புகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்று, இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போனார்கள். மச்சான் தோணியில் மாலத்தீவுக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர். ஆகவே ஒரே மகள் ஜெனிட்டாவும் வீடும் அக்காவின் பொறுப்பு.

எங்கள் வீடுகளில் மாலைச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகள் செபப் புத்தகத்தைப் பார்த்து மன்றாட்டு வாசிப்பது வழக்கம். ஜெனிட்டா தடங்கலின்றி வாசிப்பாள், நாங்களும் மெச்சினோம். கொரோனாவால் பள்ளி மூடியிருந்த காலத்தில், அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு புரண்டன. விரல் ஒரு பக்கத்தில் நகர்ந்தது. வாயோ, விட்டுப்போன பக்கத்தைச் சொல்லிக்கொண்டே போனது. அக்கா எட்டிப் பார்த்தார்கள்.

"ஏளா, நிறுத்து. நீ வாசிக்கலயே."

"வாசிக்கேன்மா."

"அப்பம் இந்த வார்த்தை என்னன்னு சொல்லு."

அவளால் சொல்ல முடியவில்லை. எழுத்துகள் தெரியும், கூட்டி வாசிக்க வராது. தினமும் கேட்டதில் எல்லாம் மனப்பாடம்.

"பள்ளிக்கூடம் தொறந்ததும் எல்லாரு முன்னாலயும் வாசிக்கச் சொல்லுவாக. அன்னைக்கே எம்பிள்ள படிப்ப வெறுத்துரும்லே" என்றார்கள் என்னிடம்.

மறுநாள் முதல், கம்பெனியிலிருந்து ஐஸில் விறைத்த விரல்களோடு வந்து, மகளைப் பேசவிட்டு, அவள் சொன்னபடியே தாளில் எழுதினார்கள். "பூனை மீனத் தூக்கிட்டு ஓடிட்டு. மாமா வெரட்டுனாங்க." அவள் சொன்னதுதானே, அதையும் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"நீ பெரிய ஆளுளா" என்ற அக்கா, கத்தரியால் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போட்டார்கள். "இப்பம் அடுக்கு."

நெடுநேரம் கழித்து, "மாமா மீனத் தூக்கிட்டு ஓடிட்டு" என்று அடுக்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்துச் சிரித்தாள். அதுதான் அவள் வாசித்த முதல் வாக்கியம். பிறகு வெட்டுவதற்கான வரிகளையும் அவளே எழுதத் தொடங்கினாள்.

சீக்கிரத்தில் முடிந்த காரியமல்ல. பல மாலைகளில் அக்கா கத்தரியும் கையுமாகவே சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார்கள். "எதுக்குக்கா இந்தப் பாடு? டீச்சர் பாத்துக்கிடுவாக" என்றேன்.

"டீச்சருக்கு நாப்பது பிள்ளைலே. எனக்கு ஒண்ணு."

பள்ளி திறந்தபோது ஜெனிட்டா நின்று நின்று வாசித்தாள். பழைய ஓட்டம் இல்லை. அக்காவுக்கு அதுவே நிறைவு.

நோயில் படுத்தபின், மகள் செபப் புத்தகத்தை எடுத்தால், "அது ஒனக்குத் தெரியும் மக்கா. தெரியாதது எதையாவது வாசி" என்பார்கள். அன்றன்றைய செய்தித்தாளைக் கேட்டபடியே அவர்களுடைய கடைசி நாட்கள் கழிந்தன.

மருந்து வேளை தவறாமல் பார்த்த செவிலியர்களுக்கும், முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த கம்பெனித் தோழிகளுக்கும், மச்சான் கரை சேரும்வரை அடக்கத்துக்குக் காத்திருந்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அச்சுக்குக் கொடுக்குமுன் இந்தத் தாள்களை, அக்கா படிப்பை விட்ட அதே எட்டாம் வகுப்பில் இப்போது படிக்கும் ஜெனிட்டாவிடம் தந்தேன். இதில் ஒரு வரிகூட அவளுக்கு மனப்பாடமில்லை. சத்தமாக வாசித்தாள். பூனை வருகிற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு விரலை அடுத்த சொல்லில் வைத்தாள்.